அம்பாசிடர் ஸ்டார்ட் ஆகாத நாலு மாதம்

எங்கள் வீட்டில் 1988-ஆம் வருடத்து அம்பாசிடர் ஒன்று இருக்கிறது. மார்க் 4, பெட்ரோல் வண்டி, 1489 சிசி. அப்பா வாங்கியது. அவர் போய் ஆறு வருடம் ஆகிறது, அதற்குப் பிறகு நான்தான் ஓட்டுகிறேன். திருச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். போன வருடம் ஆவணியில் தொடங்கி பொங்கல் நெருங்கும் வரைக்கும் இந்த வண்டி என்னைப் படுத்திய பாடு கொஞ்சம் இல்லை. மெக்கானிக், பேட்டரி, ரெக்கவரி என்று இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் செலவழித்து, ஆறு நாள் லீவு போட்டு, கடைசியில் 180 ரூபாயில் வீட்டு வாசலிலேயே சரியானது. பழைய வண்டி வைத்திருப்பவர்கள், முக்கியமாக வீட்டில் கேட்டுக்கொள்ள ஆள் இல்லாதவர்கள், இதைப் படித்தால் அவர்களுக்காவது அந்தப் பணமும் அலைச்சலும் மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

முதல் தடவை நின்றது ஆவணிக் கடைசி ஞாயிறு. புதுக்கோட்டையில் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டு நானும் அம்மாவும் திரும்பிக்கொண்டிருந்தோம். கீரனூர் தாண்டி ஐந்தாறு கிலோமீட்டர் வந்திருப்போம், ராத்திரி ஏழரை மணி. ஐம்பதில் சீராகப் போய்க்கொண்டிருந்த வண்டி, யாரோ சாவியைத் திருப்பி ஆஃப் பண்ணியது போல ஒரேயடியாக அடங்கிவிட்டது. இழுவை இல்லை, திக்கல் இல்லை, சத்தம் இல்லை. ஹெட்லைட் எரிகிறது, ஹாரன் அடிக்கிறது, இன்ஜின் மட்டும் இல்லை. உருட்டி ஓரத்தில் நிறுத்தினேன். செல்ஃப் அடித்தால் நன்றாகச் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. பக்கத்தில் லாரிகள் போகும்போதெல்லாம் வண்டி ஆடுகிறது. அம்மாவுக்கு 74 வயது, சர்க்கரை உண்டு. பின் சீட்டில் கையைப் பிசைந்துகொண்டு, "நம்ம அப்பா இருந்தா இப்படி ஆகுமா" என்றார்கள். எனக்கு அழுகை வந்தது, அம்மா பார்க்கக்கூடாது என்று பானட்டைத் திறந்துகொண்டு முன்னால் போய் நின்றேன். திறந்து என்ன பார்ப்பது என்று அன்றைக்குத் தெரியாது. நாற்பது நிமிடம் கழித்து மறுபடி அடித்துப் பார்த்தேன், ஒன்றுமே நடக்காதது போலப் பிடித்துக்கொண்டது. வீடு வரைக்கும் ஒரு குறையும் இல்லை.

இங்கே ஒரு விஷயத்தை நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது தெரிந்திருந்தால் பாதிச் செலவு குறைந்திருக்கும். வண்டி எப்படி நின்றது என்பதுதான் முதல் தடயம். பெட்ரோல் வராமல் நிற்கிற வண்டி பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் நிற்கும். இழுவை குறையும், குலுங்கும், ஆக்சிலரேட்டரை மிதித்தால் இருமும், ஒரு அரை கிலோமீட்டராவது திணறிவிட்டுத்தான் அடங்கும். கரண்ட் அறுந்து நிற்கிற வண்டி விளக்கை அணைத்தது போல நிற்கும். விதிவிலக்கு உண்டு, ஆனால் தேடலை எங்கே தொடங்குவது என்பதற்கு இது போதும். மறுநாள் நான் போன கடையில் இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. "நின்னு ஆறினதும் ஸ்டார்ட் ஆச்சா? அப்ப பெட்ரோல் லைன்தான் மேடம், சூட்டுல ஆவியாகுது, இப்ப வர்ற பெட்ரோல்ல எத்தனால் வேற" என்றார் அந்த மெக்கானிக். சரி என்று தலையாட்டினேன். கார்புரேட்டர் கழற்றிக் கழுவி, கிட் போட்டு, பெட்ரோல் பம்புக்கு டயஃப்ரம் (உள்ளே இருக்கிற சவ்வு) மாற்றி, 4,650 ரூபாய். முப்பத்தாறு வருட வண்டியின் பம்புக்கு டயஃப்ரம் மாற்றியது வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வண்டியின் நோய் அது இல்லை.

மூன்று வாரம் நன்றாக ஓடியது. பிறகு ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து கிளம்பும்போது பிடிக்கவில்லை. அடித்தேன், அடித்தேன், அடித்துக்கொண்டே இருந்தேன். பத்து நிமிடத்தில் செல்ஃப் முனக ஆரம்பித்தது, அப்புறம் "டக்" என்று ஒரு சத்தத்தோடு அதுவும் நின்றது. பக்கத்து பேட்டரிக் கடைப் பையன் வந்து பார்த்துவிட்டு, "பேட்டரி போச்சு மேடம்" என்றான். 5,300 ரூபாய் கொடுத்துப் புதிது போட்டேன். உடனே ஸ்டார்ட் ஆனது. அவனுக்கும் எனக்கும் ஒரே சந்தோஷம். பழைய பேட்டரிக்கு ஒன்றரை வயதுதான். அதை வெறும் சார்ஜ் ஏற்றினாலே போதும் என்பது எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது, பேட்டரியை வற்றடித்ததே நான்தான். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் வண்டி பிடிக்கவில்லை என்றால் ஐந்து ஐந்து விநாடியாக மூன்று முறைக்கு மேல் அடிக்காதீர்கள். நான்காவது முறையில் பிடிக்கப் போவது அபூர்வம். இன்ஜினுக்குள் பொறி அடிக்கிற பிளக்குகள் பெட்ரோலில் நனைந்துபோய்ப் புதிதாக இன்னொரு கோளாறும் சேர்ந்துகொள்ளும்.

ஐப்பசி மழையில் மூன்றாவது முறை. இந்தத் தடவை பாலத்தின் மேல். கட்டி இழுத்துப் போகிற ரெக்கவரி வண்டிக்கு 2,200. வேறு கடை. இந்த மெக்கானிக் நல்ல மனிதர், பொறுமையாகப் பேசினார், "கரண்ட் ப்ராப்ளம்தான்" என்று சரியாகவே சொன்னார். ஆனால் கரண்ட் எங்கே நிற்கிறது என்று தேடாமல் எல்லாவற்றையும் மாற்றிவிட்டார். காயில் (12 வோல்ட்டைப் பல ஆயிரம் வோல்ட்டாக ஏற்றுவது), பாயிண்ட் (காயிலின் கரண்டை விட்டு விட்டு அறுக்கிற சின்ன சுவிட்ச்), கண்டென்சர் (அந்த சுவிட்ச் பொறி பறந்து கருகாமல் காப்பது), நான்கு பிளக், பிளக் ஒயர் செட், கூலி எல்லாம் சேர்த்து 6,100. வண்டி ஒரே அடியில் பிடித்தது. இனிமேல் கவலை இல்லை என்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு சமயபுரம் கூடப் போய்வந்தேன். சரியாகப் பதினெட்டாவது நாள், அரையாண்டுத் தேர்வு நடக்கிற காலை, வீட்டு வாசலிலேயே ஸ்டார்ட் ஆகவில்லை. ஆட்டோ பிடித்து ஓடினேன், தேர்வு அறைக்கு இருபது நிமிடம் தாமதம். தலைமையாசிரியர் சொன்ன வார்த்தையைவிட, இத்தனை பணம் கொடுத்தும் இப்படி ஆயிற்றே என்பதுதான் அன்றைக்கெல்லாம் நெஞ்சை அடைத்தது.

அந்தப் பதினெட்டு நாளைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் யாராவது கை வைத்தபின் வண்டி ஓடியிருக்கிறது. அதனால் ஒவ்வொருவரும் தான் மாற்றிய பாகம்தான் காரணம் என்று நம்பினார்கள், நானும் நம்பினேன். உண்மையில், உள்ளே விட்டு விட்டுத் தொட்டுக்கொண்டிருந்த ஒரு முறிந்த ஒயர், கை பட்டதும் கொஞ்சம் நகர்ந்து மறுபடி தொட்டிருக்கிறது. அவ்வளவுதான். வந்து வந்து போகிற கோளாறில், மாற்றிய பிறகு ஓடியது என்பது எதற்கும் சாட்சி இல்லை. கோளாறு இருக்கும்போதே, வண்டி பிடிக்காமல் நிற்கும்போதே சோதித்தால்தான் அது அகப்படும். ஓடுகிற வண்டியைக் கடைக்கு ஓட்டிக்கொண்டு போய் "நேற்று நின்றது" என்று சொன்னால், மெக்கானிக் ஊகம்தான் செய்ய முடியும்.

மறுபடி இரண்டாவது கடைக்கே ரெக்கவரியில் அனுப்பினேன். மூன்று நாள் வைத்திருந்துவிட்டு, நான்கு பிளக்குக்கும் ஸ்பார்க்கைப் பிரித்து அனுப்புகிற டிஸ்டிரிபியூட்டரையே மாற்ற வேண்டும், பழைய மார்க்கெட்டில் தேடித்தான் எடுக்க வேண்டும், 6,500 ஆகும் என்றார். கூடவே, "எதுக்கு மேடம் இவ்வளவு கஷ்டம், 40,000 தர்றேன், குடுத்துருங்க" என்றார். அதில் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. ஆனால் அப்பா தினமும் காலையில் மஞ்சள் துணியால் துடைத்த வண்டி அது. இன்னொரு 2,200 கொடுத்து வீட்டுக்கே கட்டி இழுத்துவரச் சொல்லிவிட்டேன். அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. அப்பாவின் பழைய டைரியைப் புரட்டி, அந்தக் காலத்தில் எங்கள் வண்டிக்கு ஒயரிங் வேலை பார்த்த மாமாவின் நம்பரைத் தேடினேன். சொந்த மாமா இல்லை, ஆட்டோ எலக்ட்ரீஷியன். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் கூப்பிடுவேன். கடையை மூடிப் பல வருடம் ஆகிறது, இப்போது லால்குடியில் மகன் வீட்டில் இருக்கிறார். கண் ஆபரேஷன் ஆகி வெளியே வருவதில்லை.

காலையில் போன் பண்ணினேன். அழாமல் பேச வேண்டும் என்று நினைத்தேன், முடியவில்லை. அவர் முழுசாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஏன் பாப்பா, காயில்ல பல்ப் வெச்சு யாராவது பாத்தாங்களா?"

யாரும் பார்க்கவில்லை. மூன்று மாதத்தில், மூன்று பேரில், ஒருவர்கூட.

அவர் சொன்ன பல்ப் மிகச் சாதாரணமான பொருள். பார்க்கிங் லைட்டுக்குப் போடுகிற சின்ன 12 வோல்ட் பல்ப், ஒரு ஹோல்டர், இரண்டு ஒயர், நுனியில் கிளிப். கிளிப் 50 ரூபாய், பல்பும் ஹோல்டரும் 70 ரூபாய். மல்டிமீட்டர் இருந்தால் அதுவும் ஆகும், ஆனால் பல்ப் பார்ப்பதற்குச் சுலபம். எண்ணைப் படிக்க வேண்டாம், எரிகிறதா, அணைகிறதா, மினுக்குகிறதா, அவ்வளவுதான். எதிர் வீட்டுப் பையனைச் சாவி திருப்ப உட்காரவைத்துவிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டு ரேடியேட்டர் மேல் வைத்தேன்.

அதற்கு முன்னால் அவர் எனக்குப் பாடம் எடுத்தார், அதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பேட்டரியின் 12 வோல்ட் சாவி வழியாகக் காயிலின் பிளஸ் முனைக்கு வருகிறது. காயிலுக்குள் சுற்றிவிட்டு மைனஸ் முனையில் வெளியேறி, ஒரு ஒயர் வழியாக டிஸ்டிரிபியூட்டருக்குப் போய், பாயிண்ட் மூடியிருக்கும்போது எர்த் ஆகிறது, அதாவது வண்டியின் இரும்பு உடம்பு வழியாகப் பேட்டரிக்குத் திரும்புகிறது. இன்ஜின் சுற்றச் சுற்றப் பாயிண்ட் திறந்து திறந்து மூடும். திறக்கிற அந்தக் கணத்தில்தான் காயிலில் பல ஆயிரம் வோல்ட் கிளம்பி, நடுவிலிருக்கிற தடித்த ஒயர் வழியாக டிஸ்டிரிபியூட்டருக்குள் சுழல்கிற ரோட்டாருக்கும் பிளக்குக்கும் போகிறது. நாலு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால் பாயிண்ட் 6000 முறை திறந்து மூட வேண்டும், அதாவது ஒரு விநாடிக்கு நூறு முறை. எனவே பாயிண்டும் காயிலும் சேர்ந்துதான் ஸ்பார்க். காயில் மட்டும் புதிதாக இருந்து பிரயோஜனம் இல்லை. அடைத்துத் திறக்கிற பாதை எங்கே அறுந்தாலும் பிளக் வரைக்கும் எல்லாம் செத்துவிடும்.

பல்பின் ஒரு கிளிப்பை இன்ஜின் உடம்பில் எர்த்தில் மாட்டினேன். சாவி ஆன். இன்னொரு கிளிப்பைக் காயில் பிளஸ்ஸில் வைத்தேன், எரிந்தது. "சரி, சாவி வரைக்கும் நல்லாருக்கு, சுத்தவிட்டும் பாரு" என்றார். செல்ஃப் அடிக்கும்போதும் எரிந்தது, கொஞ்சம் மங்கலாக. இங்கே அணைந்துபோனால் சாவி சுவிட்ச்சோ, வரும் ஒயரோ கோளாறு. அடுத்து காயில் மைனஸ். எரிந்தது. "இப்ப சுத்தச் சொல்லு. பல்ப் மினுக்கணும்." பையன் செல்ஃப் அடித்தான். பல்ப் மினுக்கவே இல்லை, நிலையாக எரிந்துகொண்டே இருந்தது. மாமாவிடம் சொன்னதும் போனில் ஒரு மூச்சு கேட்டது. "அகப்பட்டுச்சு பாப்பா. காயில்லேருந்து எர்த்துக்குப் போற வழி எங்கியோ அறுந்திருக்கு. பல்ப் எரியவே இல்லைன்னா வேற கதை, ஒண்ணு காயில் உள்ள அறுந்திருக்கும், இல்ல பாயிண்ட் பக்கம் எர்த் ஆகியே கிடக்கும். எரிஞ்சுக்கிட்டே இருந்தா வழி அறுந்திருக்கு." இந்த மூன்றையும் மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறேன். மினுக்கினால் அடிப்படை சரி, தேடுவது காயிலுக்கு மேலே, அதாவது டிஸ்டிரிபியூட்டர் மூடி, ரோட்டார், பிளக் ஒயர். எரிந்துகொண்டே இருந்தால் பாயிண்ட் எர்த் ஆகவில்லை. எரியவே இல்லை என்றால் காயிலோ ஷார்ட்டோ.

அடுத்த சோதனைதான் எனக்குத் துணிச்சல் கொடுத்தது. காயிலின் நடு ஒயரை டிஸ்டிரிபியூட்டர் மூடியிலிருந்து உருவி, ரப்பர் பிடி போட்ட கட்டிங் பிளேயரால் பிடித்து, நுனியை இன்ஜின் இரும்புக்கு ஐந்து மில்லிமீட்டர் தள்ளி வைக்கச் சொன்னார். இன்னொரு கையில் ஒரு துண்டு ஒயர், அதன் ஒரு முனை காயில் மைனஸ்ஸில். மறுமுனையை இன்ஜினில் தொட்டுத் தொட்டு எடுத்தேன். எடுக்கிற ஒவ்வொரு தடவையும் "டக்" என்று நீலமாக, தடிமனாக ஸ்பார்க் அடித்தது. பாயிண்ட் செய்ய வேண்டிய வேலையை என் கை செய்தது. காயில் நல்லது, கண்ணால் பார்த்துவிட்டேன். மஞ்சளாக மெலிந்து வந்தாலோ, வரவே இல்லை என்றாலோதான் காயில் மேல் சந்தேகப்பட வேண்டும். பழைய காயிலையும் அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்துச் சோதித்தேன், அதுவும் அதே மாதிரி அடித்தது. நல்ல காயிலைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கியிருக்கிறேன்.

இதைச் செய்பவர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. பெட்ரோல் வாடை அடித்தாலோ, எங்கேயாவது கசிந்தாலோ ஸ்பார்க் சோதனை கூடவே கூடாது. வண்டி நியூட்ரலில், ஹேண்ட் பிரேக்கில் இருக்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது ஃபேன் சுற்றும், துப்பட்டாவையும் பின்னலையும் முடிந்துகொள்ளுங்கள். நான் நைட்டிக்கு மேல் அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு செய்தேன். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் பக்கத்திலேயே நிற்கக் கூடாது. பாயிண்ட் மூடிய நிலையில் சாவியை ஆனில் போட்டு விட்டுவிட்டால் காயில் சூடேறிக் கெட்டுப்போகும், சோதித்ததும் ஆஃப் பண்ணிவிடுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், இது பாயிண்ட் வைத்த பழைய வண்டிக்கு மட்டும். எலக்ட்ரானிக் இக்னிஷன் வண்டியிலோ, கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் பெட்ரோல் பீய்ச்சுகிற எம்பிஎஃப்ஐ வண்டியிலோ இப்படித் தொட்டு எடுத்தால் விலை கூடிய மாட்யூல் எரிந்துவிடலாம்.

டிஸ்டிரிபியூட்டர் மூடியின் இரண்டு கிளிப்பையும் தளர்த்தித் திறந்தேன். உள்ளே புதுப் பாயிண்ட் பளபளவென்று இருந்தது. நன்றாக மூடவும் செய்தது. பார்வைக்கு ஒரு குறையும் இல்லை, அதனால்தான் எல்லோரும் இதைத் தாண்டிப் போயிருக்கிறார்கள். மாமா சொன்னபடி, பாயிண்ட் நடுவில் ஒரு காகிதத் துண்டைச் செருகி அது எர்த் ஆகாமல் பண்ணினேன். சாவி ஆன். டிஸ்டிரிபியூட்டரின் வெளி முனையில் பல்பை வைத்தேன், எரிந்தது. உள்ளே பாயிண்ட் ஸ்பிரிங்கில் வைத்தேன், எரியவில்லை. வெளி முனைக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் இருந்தது இரண்டு அங்குல நீளத்துக்கு ஒரு கறுப்பு ஒயர், அவ்வளவே. மூக்குக் குறடால் அதை மெதுவாக இழுத்தேன். நல்ல ஒயர் இழுத்தால் நீளாது. இது ரப்பர் பேண்ட் போல நீண்டது, விட்டதும் சுருங்கியது. மேல்தோல் முழுசாக இருக்கிறது, உள்ளே செம்பு இழை ஒன்றுகூட மிச்சமில்லை. அப்படியே அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போனில் மாமா "என்னாச்சு, என்னாச்சு" என்கிறார், எனக்குப் பேச்சு வரவில்லை.

அது ஏன் அங்கே முறிகிறது என்பதற்கும் காரணம் சொன்னார். பாயிண்ட் உட்கார்ந்திருக்கிற தட்டு ஆடாமல் இருப்பதில்லை. கார்புரேட்டரிலிருந்து வருகிற சின்னக் குழாய் வழியாக வேக்குவம் (இன்ஜினின் உறிஞ்சல்) இழுக்கும்போது, டைமிங்கை, அதாவது ஸ்பார்க் அடிக்கிற நேரத்தை, முன்னே தள்ள அந்தத் தட்டு சில டிகிரி திரும்பும். ஆக்சிலரேட்டரைப் பாதி மிதித்து ஒரே சீராகப் போகும்போதுதான் அது அதிகம் திரும்பியிருக்கும். கீரனூரில் ஐம்பதில் போய்க்கொண்டிருக்கும்போது நின்றது இதனால்தான் இருக்க வேண்டும். திரும்பும் ஒவ்வொரு முறையும் இந்த ஒயர் மடங்கி நிமிர்கிறது, முப்பத்தாறு வருடமாக. முதலில் ஓட்டத்தில் மட்டும் விட்டது, போகப் போக நிற்கும்போதும் விட்டுவிட்டது. கோளாறு வர வரக் கூடியதை நான் தேதி போட்டு எழுதி வைத்திருந்தால், அது எந்த நேரத்தில், எந்த வேகத்தில், எவ்வளவு சூட்டில் வருகிறது என்று காட்டியிருந்தால், யாராவது முன்னாலேயே பிடித்திருக்கலாம். இப்போது வண்டியில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன்.

மாற்று ஒயர் போடுவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. வீட்டு வயரிங்குக்கான ஒயரைப் போட்டால் அது விறைப்பு, தட்டை ஆடவிடாது, சீக்கிரம் முறியும். மல்டிமீட்டர் முனைக்கு வருகிற மாதிரி, மெல்லிய இழைகள் நிறைய உள்ள சிலிக்கோன் ஒயர் வேண்டும் என்றார். எலக்ட்ரானிக்ஸ் கடையில் 40 ரூபாய், கூடவே கண் வைத்த டெர்மினல் 20 ரூபாய், அவர்களே பற்றவைத்துக் கொடுத்தார்கள். மாட்டும்போது நான் ஒரு தப்பு பண்ணினேன். பாயிண்ட் ஸ்பிரிங், இந்த ஒயர், கண்டென்சர் ஒயர் மூன்றும் ஒன்றையொன்று தொட வேண்டும், ஆனால் நடுவிலிருக்கும் போல்ட்டைத் தொடக்கூடாது. அதற்காகத்தான் அங்கே ஒரு பிளாஸ்டிக் புஷ் இருக்கிறது. என் டெர்மினல் புஷ்ஷுக்கு வெளியே போய் போல்ட்டில் உட்கார்ந்துவிட்டது. சாவி போட்டால் காயில் மைனஸ்ஸில் பல்ப் எரியவே இல்லை. எர்த் ஆகியே கிடக்கிறது என்று பல்பே சொல்லிவிட்டது. பாயிண்ட் புதிதாக மாற்றிய பிறகு வண்டி சுத்தமாகச் செத்துவிட்டால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். கழற்றிச் சரியாகப் போட்டேன். அப்பாவின் டூல் பையில், இன்னும் அதே மஞ்சள் துணியில் சுற்றியபடி, இடைவெளி அளக்கிற மெல்லிய தகடுகளான பீலர் கேஜ் இருந்தது. பாயிண்ட் முழுக்கத் திறந்திருக்கும் இடத்தில் 15 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு) பிளேடை விட்டு, லேசாக உரசுகிற அளவுக்குக் கேப் வைத்தேன். மில்லிமீட்டரில் 0.35-க்கும் 0.40-க்கும் நடுவில் இருந்தால் இந்த வண்டிக்குச் சரி.

கடைசியாக மாமா சொன்ன சோதனையை யாரும் விடக்கூடாது என்பேன். கார்புரேட்டரில் இருக்கிற வேக்குவம் குழாயின் முனையைக் கழற்றி, துடைத்துவிட்டு, வாயால் உறிஞ்சச் சொன்னார். உறிஞ்சினால் தட்டு திரும்புவது கண்ணுக்குத் தெரிகிறது. தெரியவில்லை என்றால் தட்டை இழுக்கிற டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. காகிதத் துண்டை மறுபடி செருகி, சாவியைப் போட்டு, பாயிண்ட் ஸ்பிரிங்கில் பல்பை மாட்டி, பத்து முறை உறிஞ்சி விட்டேன். தட்டு திரும்பித் திரும்பி வந்தது, பல்ப் ஒரு முறைகூடக் கண் சிமிட்டவில்லை. காகிதத்தை எடுத்து, மூடியைப் போட்டு, ஒயரைச் செருகினேன். பையன் சாவியைத் திருப்பினான். அரைச் சுற்றுக்கூட இல்லை, பிடித்துக்கொண்டது. அம்மா வாசலுக்கு வந்து நின்று, "அப்பா வண்டி சத்தம்" என்றார்கள்.

காயிலுக்கு மேலே கோளாறு இருந்தால் என்ன செய்வது என்றும் அவரிடம் கேட்டுக்கொண்டேன். நடு ஒயரில் ஸ்பார்க் வந்து பிளக்கில் வரவில்லை என்றால் ரோட்டாரோ மூடியோ. மூடியை வெயிலில் திருப்பிப் பார்த்தால், உள்ளே பென்சிலால் கிறுக்கியது போல மெல்லிய கரிக்கோடு ஓடியிருக்கும், அதன் வழியாகக் கரண்ட் எர்த்துக்கு ஓடிவிடும். மழை நாளில் மட்டும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பெரும்பாலும் இதுதான், அல்லது மூடிக்குள் ஈரம். மூடி நடுவில் கரித்துண்டு ஒன்று ஸ்பிரிங்கில் துருத்திக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பிளக் ஒயர்களைக் கழற்றினால் வரிசையை எழுதி ஒட்டிவிட்டுக் கழற்றுங்கள். அம்பாசிடரில் சிலிண்டர்களுக்கு ஸ்பார்க் போகிற வரிசை 1-3-4-2, மாற்றிச் செருகினால் கார்புரேட்டர் வழியாக வெடிக்கும். கண்டென்சர் மட்டும் கண்ணால் பார்த்து அறிய முடியாத பொருள். பாயிண்டில் பளிச்சென்று பெரிய பொறி பறந்தாலோ, சீக்கிரமே கருகிப்போனாலோ அதன் மேல் சந்தேகம் வைக்கலாம். தெரிந்த நல்ல கண்டென்சர் ஒன்றை வண்டியிலேயே ஸ்பேராக வைத்துக்கொள்வதுதான் வழி என்றார். கழற்றிய பழையதை நான் அதற்காகத்தான் வைத்திருக்கிறேன், முப்பது வருடம் உழைத்த சாமான் அது.

இப்போதெல்லாம் கடைக்குப் போனால் "கரண்ட் வரலை" என்று சொல்வதில்லை. "காயில் மைனஸ்ல பல்ப் மினுக்குது, நடு ஒயர்ல ஸ்பார்க் இருக்கு, பிளக்ல இல்லை, மூடியைப் பாருங்க" என்கிற மாதிரி சொல்கிறேன். பேச்சே மாறிவிடுகிறது. கழற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்காமல் வருவதுமில்லை.

பொங்கல் அன்று மாமாவைப் பார்க்க லால்குடிக்கு வண்டியிலேயே போனோம். முறிந்த ஒயரைக் கொண்டுபோயிருந்தேன். பார்வை சரியில்லை, விரலால் தடவி, இரண்டு நுனியையும் பிடித்து இழுத்துப் பார்த்தார். "இதேதான்" என்றார். வெளியே வந்து இன்ஜினை ஓடவிடச் சொல்லி, பானட் பக்கம் தலையைச் சாய்த்து ஒரு நிமிடம் கேட்டார். "மூணாவது சிலிண்டர் லேசா விடுது பாப்பா, மூடியை மாத்திரு" என்றார். இந்த மாதச் சம்பளத்தில் அதைத்தான் வாங்க வேண்டும்.